பொதி யாருடையது?

 

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரிவர்ஸ்டன்தான் ஞாபகம் வரும். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை ஊடாக ஏறும் அந்தப் பாதையில் வேன்களும் மோட்டார் சைக்கிள்களும் வரிசையாகப் போகும். மேலே காற்று ஆளைத் தள்ளும். மூடுபனி இறங்கினால் பக்கத்தில் நிற்பவரின் முகமும் தெரியாது. நக்கிள்ஸ் மலைகளை அல்லாஹ் அப்படி அமைத்து வைத்திருக்கிறான். முன்னைய நாட்களில் பிள்ளைகள் அங்கே போனால் தாய்மாருக்கு இரண்டு பயங்கள் இருந்தன. ஒன்று வளைவுகள், மற்றது நீர்வீழ்ச்சியும் ஆறும். இப்போது மூன்றாவது ஒரு பயம் சேர்ந்திருக்கிறது. இரவு பத்து மணிக்குப் பொலிஸ் நிலையத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு.

இந்தப் பக்கத்தில் வழக்கமாகத் தொழுகை, நோன்பு, பிள்ளை வளர்ப்பு என்று எழுதுகின்றவன் இன்று சட்டம் பேசப் போகிறேன். போதைப்பொருள் ஹராம் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளை பிடிபட்ட பின் ஒரு முஸ்லிம் குடும்பம் எப்படி நடக்க வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

2023 டிசம்பர் 17ஆம் திகதி ‘யுக்திய’ என்ற பெயரில் நாடு முழுவதும் பொலிஸ் வேட்டை தொடங்கியது. பல்லாயிரக் கணக்கானோர் கைதானார்கள். கைதுகள் நடந்த விதம் பற்றிக் கவலை தெரிவித்து, அந்த நடவடிக்கையை நிறுத்தி மீளாய்வு செய்யுமாறு 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை நிபுணர்கள் கேட்டுக்கொண்டனர். பின்னர் 2025 ஒக்டோபர் 30இல் ‘முழு நாடும் ஒன்றாக’ என்ற தேசிய நடவடிக்கை ஆரம்பித்து வைக்கப்பட்டது. இந்த விஷத்தை ஒழிக்க எடுக்கப்படும் முயற்சியை நாம் ஆதரிக்கத்தான் வேண்டும். எத்தனையோ வீடுகளில் உம்மாமாரின் நகைகள் குடுவுக்காக அடகுக்குப் போனதைக் கண்ணால் கண்டவன் நான். ஆனாலும் பெரிய வலை வீசினால் எல்லா மீனும் படும். அதில் குற்றவாளி யார், கூடப் போனவன் யார் என்று பிரித்தறிவது நீதிமன்றத்தின் வேலை. அந்த வேலை ஒழுங்காக நடக்க வேண்டுமானால் வீட்டில் இருப்பவர்களுக்கும் சில விடயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

கடந்த ஆண்டு ஒரு தாய் என்னைத் தேடி மத்ரஸாவுக்கு வந்தார். அவருடைய மகனும் இன்னும் மூன்று பையன்களும் ஒரு வேனில் ரிவர்ஸ்டன் போய்த் திரும்பும் வழியில் பொலிஸார் மறித்திருக்கிறார்கள். பின் ஆசனத்துக்குக் கீழே இருந்த ஒரு பையில் சிறிய பொதியொன்று. நான்கு பேரையும் கொண்டுபோய்விட்டார்கள். அவர் என்னிடம் கேட்டது இரண்டு: ஒரு துஆ, ஒரு நற்சான்றுக் கடிதம். (இந்தக் கடித விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். பையன் ஐந்து நேரமும் பள்ளிக்கு வருகிறான் என்று நான் எழுதுவதால், பொதி யாருடையது என்பது தீர்ந்துவிடாது. தெரிந்ததை மட்டும் எழுதுவேன், தெரியாததை எழுதமாட்டேன்.) பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது விடயமும் வந்தது. “மௌலவி, மற்ற மூணு பேர்ட வீட்டாரும் பேசிக்கிட்டோம். நாலாவது பொடியன் தோட்டத்துப் பக்கம், வாப்பா இல்லாத புள்ள, முஸ்லிமும் இல்ல. பை அவன்டதுண்டு எல்லாரும் ஒரே மாதிரி சொன்னா எங்கட புள்ளைகள் தப்பிடும்ண்டு சொல்றாங்க.”

நான் அவருக்கு ஸூரத்துந் நிஸாவின் 105ஆம் வசனத்திலிருந்து வரும் வசனங்களின் வரலாற்றைச் சொன்னேன். தப்ஸீர் நூல்களில் நீங்களும் வாசித்திருக்கக் கூடும். மதீனாவில் துஃமா பின் உபைரிக் என்பவர் ஒரு கவசத்தைத் திருடினார். அதை வைத்திருந்த மாப்பையில் ஓட்டை இருந்தபடியால் போன வழியெல்லாம் மா சிந்தியது. பிறகு அந்தக் கவசம் ஒரு யூதரின் வீட்டில் வைக்கப்பட்டு அங்கேயே கண்டெடுக்கவும் பட்டது. பொருள் கிடைத்த இடம் அவர் வீடு, அவர் வேறு மார்க்கத்தவர், துஃமாவின் உறவினர்களோ திரண்டு வந்து தம் ஆளுக்காக வாதாடினார்கள். எல்லாம் அந்த யூதருக்கு எதிராகவே இருந்தது. அந்த நேரத்தில்தான் வஹீ இறங்கி அவரைக் குற்றமற்றவர் என்று காட்டியது. துரோகிகளுக்காக வாதாட வேண்டாம் என்றும், தான் செய்த பாவத்தை நிரபராதி மீது வீசுகின்றவன் பெரும் அவதூறைச் சுமக்கிறான் என்றும் அங்கே கூறப்படுகிறது. ஒரு முஸ்லிமல்லாதவரைக் காப்பாற்ற, ஒரு முஸ்லிம் கூட்டத்துக்கு எதிராக இறங்கிய வசனங்கள் அவை, சகோதரிகளே!

அந்தத் தாய் அழுதார். பிறகு, “அப்பிடிண்டா லோயர் வைக்கிறதே பாவமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு விடை சொல்வதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

இந்த வழக்குகள் நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. 1929ஆம் ஆண்டின் பழைய சட்டம். 1984இல் கடுமையாக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தத்தால் ‘ஐஸ்’ என்று பையன்கள் சொல்லும் மெதம்பெற்றமைனும் அதற்குள் கொண்டுவரப்பட்டது. இதில் வைத்திருத்தல் ஒரு குற்றம், வியாபாரம் இன்னொரு குற்றம். வியாபாரம் என்றவுடன் காசு வாங்கி விற்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். சட்டத்தில் அதன் பொருள் மிக விரிவானது. விற்பது மாத்திரமல்ல, கொடுப்பது, கொண்டுபோவது, களஞ்சியப்படுத்துவது, அனுப்புவது, பகிர்வது எல்லாம் அதற்குள் அடங்கும். “மச்சான், இத அவன்ட கையில குடுத்துரு” என்று ஒருவன் சொல்ல, சதம் வாங்காமல் கைமாற்றிவிட்டவனும் வியாபாரி என்ற பெயரில் நீதிமன்றத்தில் நிற்கலாம். இதை இன்றிரவே உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

வைத்திருத்தலுக்கு இன்னொரு பக்கம் உண்டு. ஒரு பொருள் என் பக்கத்தில் கிடந்தது என்பது மட்டும் போதாது. அது அங்கே இருப்பது எனக்குத் தெரிந்திருக்கவும், என் கைவசத்தில் இருக்கவும் வேண்டும். நான்கு பேர் போன வேனில் ஆசனத்துக்குக் கீழே கிடந்த பொதி என்றால், யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதுதான் வழக்கின் உயிர். அதனால்தான் நான்கு பேருக்கும் ஒரே சட்டத்தரணி சரிவராது. ஒருவனைக் காப்பாற்றும் வார்த்தை மற்றவனைக் குத்தலாம். வெவ்வேறு சட்டத்தரணிகள் பேசட்டும். அவனவனுக்குத் தெரிந்த உண்மையை அவனவன் சொல்லட்டும். கூடிப் பேசி ஒரே கதையைக் கட்டுவது வேறு விடயம். அதற்குப் பெயர் பொய்ச்சாட்சி. பெரும் பாவங்களின் பட்டியலில் அது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது அளவு. தண்டனையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான். ஹெரோயின் 2 கிராமும் அதற்கு மேலும், ஐஸ் 5 கிராமும் அதற்கு மேலும் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுட்காலச் சிறை. ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய நான்கைந்து கிராம் நிற்கும். அதில் பாதிக்கும் குறைவான தூளுக்கு ஓர் ஆயுள்! இலங்கையில் 1976க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் போதைப்பொருள் கைதிகள் நால்வரைத் தூக்கிலிட அன்றைய ஜனாதிபதி கையொப்பமிட்டபோது உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆகவே மரண தண்டனை என்பது நடைமுறையில் சிறைக்குள்ளேயே முதுமை அடைவதாக இருக்கிறது.

ஆனால் இங்கே தாய்மார் அறிய வேண்டிய ஒன்றுண்டு. பொலிஸார் முதலில் சொல்லும் நிறை, தூளும் கலப்படமும் எல்லாம் சேர்ந்த நிறை. சட்டம் பார்ப்பது தூய போதைப்பொருளின் நிறையை. மாவில் கொஞ்சம் சீனியைக் கலந்து நிறுத்துவிட்டு அத்தனையும் சீனி என்று சொல்ல முடியாதல்லவா? அந்தப் பொதி நீதிமன்றத்தினூடாக அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போய், அதில் தூய ஹெரோயின் எவ்வளவு, தூய ஐஸ் எவ்வளவு என்று அறிக்கை வரும். பத்திரிகையில் பத்துக் கிராம் என்று வந்தது அறிக்கையில் ஒரு கிராமாகவும் இருக்கலாம். அப்படியே பத்தாகவும் இருக்கலாம். அறிக்கை வரும்வரை ஊரில் எவர் சொல்லும் கணக்கையும் நம்பாதீர்கள். பொதி எங்கே வைத்து, யார் முன்னிலையில் முத்திரையிடப்பட்டது, பிறகு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதும் வழக்கில் துருவிக் கேட்கப்படும். பிள்ளை கண்டதை ஞாபகம் மறையுமுன் தன் சட்டத்தரணியிடம் சொல்லிவிட வேண்டும்.

முதல் இரவுக்கு வருவோம். தொலைபேசி வந்தவுடன் சில உம்மாமார் “என் பிள்ளை அப்படிச் செய்யவே மாட்டான்” என்று பொலிஸ் வாசலில் சத்தம் போடுகிறார்கள். சில வாப்பாமார் “கிடந்து சாகட்டும்” என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள். இரண்டாலும் பயன் இல்லை. எந்தப் பொலிஸ் நிலையம், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன குற்றம் சொல்லிப் பிடித்தார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. சாதாரணமாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். போதைப்பொருள் வழக்குகளில் நீதவானின் அனுமதி பெற்று ஏழு நாள் வரை தடுத்து வைத்து விசாரிப்பதும் நடக்கிறது. சட்டத்தரணி ஒருவர் பொலிஸ் நிலையத்துக்கே போய்த் தன் கட்சிக்காரருக்காகத் தோன்றலாம் என்று 2012இல் விதிகள் வெளியிடப்பட்டிருக்கின்றன. விடியும்வரை காத்திருக்க வேண்டும் என்றில்லை.

வாக்குமூலம் பற்றி ஒரு சொல். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிங்களம் தண்ணீராய்ப் பேசுவார்கள். வாசிக்கச் சொன்னால் பலர் தடுமாறுவார்கள். வாசிக்க முடியாத தாளில் கையெழுத்து வைப்பது போன்ற ஆபத்து வேறில்லை. “எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள், பிறகு ஒப்பம் வைக்கிறேன்” என்று மரியாதையாகச் சொல்லப் பழக்குங்கள். நீதிமன்றத்திலும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலைச் சொன்னவனுக்கு எதிராகச் சான்றாக்க முடியாது என்று சாட்சியக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஆனால் அவன் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி செல்லும். அடி விழுந்திருந்தால் நீதவானிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும், வைத்தியரிடம் காட்டும்படி கேட்க வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தொலைபேசி 1996. அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதம்தான் தவணை. அதற்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணையில் சேராது.

பெண்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். சோதனை உங்கள் வீட்டுக்கும் வரலாம். தடுக்கப் போகாதீர்கள். வந்தவர்கள் யார், எந்த நிலையம் என்று கேளுங்கள். உங்கள் உடலைச் சோதிப்பதென்றால் பெண் ஒருவர்தான், அதுவும் ஒழுக்கம் பேணித்தான் சோதிக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூறுகிறது. நம் மார்க்கம் கேட்பதும் அதுவே, ஆகவே தயங்காமல் கேளுங்கள். கணவனோ மகனோ தம்பியோ அலுமாரியில் ஒளித்து வைத்ததை, தெரிந்தும் “குடும்ப மானம்” என்று பேசாமல் இருந்தால் அந்த வழக்கில் நீங்களும் நிற்க நேரிடும். வெளிநாடு போகும் சகோதரிகள், மற்றவர் கட்டித் தரும் பொதி மாசித்தூளாக இருந்தாலும் பிரித்துப் பார்க்காமல் பையில் போடாதீர்கள்.

அடுத்து பிணை. “நீதவானுக்கு முன்னால விழுந்து அழுதேன், மனம் இரங்கல” என்றார் அந்தத் தாய். இதில் நீதவானின் மனத்துக்கு இடமில்லை. பாவனை, மிகச் சிறிய அளவு வைத்திருந்தமை போன்றவை பொதுவாக நீதவான் நீதிமன்றத்திலேயே முடிகின்றன. 54ஏ, 54பி என்ற பிரிவுகளில் சந்தேகநபரானால் மேல் நீதிமன்றம்தான் பிணை கொடுக்கலாம். அதற்கும் விதிவிலக்கான காரணம் காட்ட வேண்டும். தூய நிறை 10 கிராமும் அதற்கு மேலும் இருந்து, மரண அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தால், 2022க்குப் பிறகு மேன்முறையீட்டு நீதிமன்றம்தான். தீர்ப்பில்லாமல் பன்னிரண்டு மாதம் வரை வைத்திருக்கலாம். சட்டமா அதிபர் கேட்டால் மும்மூன்று மாதமாக மேலும் பன்னிரண்டு மாதம் வரை நீடிக்கலாம். இடையில் பதினான்கு நாளுக்கு ஒருமுறை தவணை வரும். இது தெரியாத குடும்பங்கள்தான் நீதிமன்ற வாசலில் “அடுத்த கிழமையே எடுத்துத் தாறேன்” என்கின்ற தரகர்களிடம் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுக்கின்றன.

“மேலிடத்துக்குக் கொடுக்க வேண்டும்” என்று எவர் காசு கேட்டாலும் அது லஞ்சம். கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள். பிள்ளையின் ஹராமை இன்னொரு ஹராமால் கழுவ முடியாது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. சட்டத்தரணியின் கட்டணம் வேறு, அது அவருடைய உழைப்பின் கூலி. நேரில் போய்ப் பேசுங்கள். தவணைக்கு எவ்வளவு, பிணை விண்ணப்பத்துக்கு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

வசதியில்லை என்றால் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. கொழும்பு புதுக்கடையில் தலைமையகம், நீதிமன்றங்கள் உள்ள பெரும்பாலான ஊர்களில் நிலையங்கள். வருமானத்தைக் காட்டும் கிராம சேவகர் கடிதம், அடையாள அட்டை, வழக்கு இலக்கம் ஆகியவற்றோடு போங்கள். மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை வந்த பின் சட்டத்தரணி வைக்க வழியில்லாதவனுக்கு அரச செலவிலேயே ஒருவர் நியமிக்கப்படுவார். இது பிச்சை அல்ல, உரிமை. அந்த நாலாவது பையனின் தாய்க்கு இது தெரிந்திருக்கவில்லை. என்னிடம் வந்த தாயே அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சட்ட உதவிக்கு எழுதிக் கொடுத்தார். வழக்கு இன்னும் நடப்பதால் அதுபற்றி இதற்கு மேல் நான் எழுதுவது முறையல்ல.

இப்போது அவர் கேட்ட கேள்வி. சட்டத்தரணி வைப்பது பாவமா? யமனுக்கு நீதிபதியாக அனுப்பப்பட்ட அலி (ரலி) அவர்களுக்கு, மற்றத் தரப்பையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்று நபியவர்கள் போதித்தார்கள். தானாகவே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்ட மாஇஸ் (ரலி) அவர்களிடமும் திரும்பத் திரும்ப விசாரித்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், புத்தி சரியாக இருக்கிறதா என்று கேட்டார்கள். மறுபக்கத்தில், திருடிய மக்ஸூமி குலப் பெண்ணுக்காக உஸாமா (ரலி) சிபாரிசுக்கு வந்தபோது கோபப்பட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். விசாரணை முழுமையாக நடக்க உதவுவது முதலாவது வகை. செல்வாக்கால் தண்டனையிலிருந்து நழுவப் பார்ப்பது இரண்டாவது. “நடந்தது இதுதான், சட்டப்படி என் மகனுக்கு உரியது எதுவோ அதைப் பெற்றுத் தாருங்கள்” என்று சட்டத்தரணியிடம் சொல்லும் தாய் எந்தப் பாவமும் செய்யவில்லை. “எப்படியாவது அவன் தலையில் போடுங்கள்” என்பவர் துஃமாவின் உறவினர்களோடு நிற்கிறார்.

இன்னொரு விடயம் பலரை அழித்திருக்கிறது. சிறு அளவு வழக்கில், “குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டம் கட்டு, இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்” என்பார்கள். செய்திருந்தால் ஒப்புக்கொள்வது நல்லதே. செய்யாதவன் அலைச்சலுக்குப் பயந்து ஒப்புக்கொண்டால் அது அவன் பெயரில் எழுதப்பட்ட குற்றத்தீர்ப்பு. நாளை கட்டார் வேலைக்குப் பொலிஸ் நற்சான்று எடுக்கப் போகும்போதுதான் விளங்கும். வாய் திறக்கும் முன் சட்டத்தரணியைக் கேட்கட்டும்.

மகன் உண்மையிலேயே பாவிக்கிறான் என்றால்? அடிப்பதாலும் அறையில் பூட்டுவதாலும் ஐஸ் விட்டுப் போகாது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை கண்டி உட்படச் சில இடங்களில் சிகிச்சை நிலையங்கள் நடத்துகிறது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் தானாக முன்வந்து சிகிச்சை பெறவும் வழி செய்திருக்கிறது. பிடிபடுமுன் போவது எவ்வளவோ மேல். மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரை ஒரு தோழர் சபித்தபோது, சபிக்க வேண்டாம், அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிக்கிறார் என்று நபியவர்கள் தடுத்ததைப் புகாரியில் காண்கிறோம். தண்டனையும் நடந்தது, மனிதரும் சமூகத்துக்குள்ளேயே இருந்தார். நம் மஹல்லாக்களில் இதற்குத் தலைகீழாக நடக்கிறது. விளக்கமறியலில் இருப்பவனின் தங்கைக்கு வந்த கலியாணப் பேச்சு மறுநாளே நின்றுவிடுகிறது. அவள் என்ன செய்தாள்?

தவணைக்குப் போகும்போது ஒரு கோவை வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் பொலிஸார் கொடுக்கும் ‘பீ’ அறிக்கையின் இலக்கம், ஒவ்வொரு தவணைத் திகதி, சட்டத்தரணியின் பற்றுச்சீட்டுகள், பிள்ளையின் பிறப்புச் சாட்சிப் பத்திரம், பாடசாலைக் கடிதங்கள், வைத்திய அறிக்கை இருந்தால் அதுவும். பகுப்பாய்வாளர் அறிக்கை வந்துவிட்டதா என்று ஒவ்வொரு தவணையிலும் சட்டத்தரணியிடம் கேளுங்கள். அது வந்த அன்றே அதன் பிரதி ஒன்றுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.